வீட்டு நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் பிளவு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்' என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுங்காலத்துச் செலவையும் சிரமத்தையும் எண்ணியே அவர்கள் இவ்வாறு கூறினர் போலும். ஆயினும், கட்டி முடித்துக் குடிபுகுந்த பின்னரே தெரியவரும் குறைகளும் பல. சுவரில் ஈரம் படர்கிறது. கதவு பருத்து மூட மறுக்கிறது. நிலைக்காலைக் கறையான் அரிக்கிறது. இவையெல்லாம் நாளடைவில் கண்ணுக்குப் புலனாகி விடுகின்றன. கண்ணுக்குப் புலனாகாமலே ஆண்டுக்கணக்கில் இருந்து, வீட்டாரின் உடல்நலத்துக்கே ஊறு விளைவிக்கவல்ல குறை ஒன்றும் உண்டு. வீட்டின் முன்புறம் தரைக்கு அடியில் அமைக்கப்படுவதும், 'சம்ப்' என்று மக்கள் வழங்குவதுமான நிலத்தடி நீர்த்தொட்டியில் ஏற்படும் பிளவே அது. அப்பிளவு எவ்வாறு உண்டாகிறது, அதனால் விளையும் தீங்கு யாது, அதனை எளிய முறைகளால் கண்டறிவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஹெப்பகோடியின் நீர் நிலை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், மின்னணு நகருக்கும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கும் அருகே அமைந்துள்ளது ஹெப்பகோடி. இது பெங்களூர் நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம், தொழிற்சாலைகள் பெருகியதன் பயனாக நெருக்கமான குடியிருப்பாக மாறியது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் இவ்வழியே ஓடத் தொடங்கிற்று.

இப்பகுதியின் அடித்தளம் நைஸ், கருங்கல் ஆகிய கடினப் பாறைகளால் ஆனது. மணற்பாங்கான சமவெளியில் நீர் மண் முழுவதும் நிறைந்து நிற்பதுபோல இங்கே நிற்பதில்லை. மேலே உள்ள சிதைந்த பாறைப் படலத்திலும், கீழே உள்ள பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. இத்தகைய நிலத்தில் வீடுகள் பெருகப் பெருக ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. நீர்மட்டம் கீழிறங்கிக்கொண்டே சென்றது. 2023-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூர் கடும் நீர்ப் பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. நகரிலுள்ள ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் பாதி வறண்டுவிட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

குழாய் நீர் இடைவிட்டு வரும் ஊரிலும், தண்ணீர் லாரியை நம்பி வாழும் ஊரிலும் வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டி இன்றியமையாதது. குறைந்த அழுத்தத்தில் வரும் நீரும், லாரி கொணரும் நீரும் முதலில் இத்தொட்டியிலேயே சேருகின்றன. பின்னர் மின்விசைப் பம்பு அந்நீரை மாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. எனவே, வீட்டார் பருகுவதும் சமைப்பதும் குளிப்பதும் இந்த ஒரு தொட்டி நீரைக்கொண்டேயாகும்.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். பல நூறு அடி ஆழத்தில் நீரற்று வறண்ட ஊரிலும், தரைக்குச் சற்றுக் கீழேயுள்ள மேல்மண் ஈரமாகவே இருக்கக்கூடும். மழைநீர் ஒருபுறமும், வீடுகளின் உறிஞ்சுகுழிகளிலிருந்து கசியும் கழிவுநீர் மறுபுறமும் அம்மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கின்றன. நிலத்தடித் தொட்டி புதைந்து நிற்பது அந்த மேல்மண்ணில்தான்.

பிளவு தோன்றும் காரணங்கள்

நீர் தேக்கும் கற்காரைக் கட்டடங்களுக்கென்றே ஐ.எஸ். 3370 என்னும் இந்தியத் தர விதிமுறை உள்ளது. ஆயினும், சிறு வீடுகளின் தொட்டிகள் பெரும்பாலும் கற்காரைக் கட்டிகளை அடுக்கிச் சிமெண்டுப் பூச்சுப் பூசியே கட்டப்படுகின்றன. அவற்றில் பிளவு தோன்றுவதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை வருமாறு:

முதலாவது, தளமும் சுவரும் கூடும் மூலை. தளத்தை ஒரு நாளும் சுவரை மற்றொரு நாளும் கட்டுவதால் இவ்விணைப்பு வலுக்குறைந்து நிற்கிறது. இரண்டாவது, குழாய் நுழையும் துளை. குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்டு உலரும்போது சுருங்கி, மயிரிழை போன்ற இடைவெளியை விடுகிறது. மூன்றாவது, மேலிருந்து வரும் பாரம். வாகனம் நிறுத்துமிடத்தின் கீழேயே தொட்டி அமைவதால், நாள்தோறும் அதன்மீது எடையும் அதிர்வும் விழுகின்றன. நான்காவது, சுற்றியுள்ள நிரப்புமண் ஒருபுறமாக அமிழ்தலும் மரவேர் துளைத்தலும் ஆகும்.

ஐந்தாவது காரணம் பலரும் அறியாதது. மழைக்காலத்தில் தொட்டியைச் சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கும்போது, தொட்டி வெறுமையாக இருந்தால், வெளிநீர் அதனை மேல்நோக்கி உந்துகிறது. நீரில் அமிழ்த்திய வெற்றுக்குடம் மேலெழ முயல்வது போன்றதே இது. இவ்வுந்துதலைத் தாங்காது தளம் வெடிப்பதுண்டு.

பிளவு ஓர் இருவழிப் பாதை

தொட்டி ஒழுகுகிறது என்றவுடன், நீர் வெளியே போய் வீணாகிறது என்று மட்டுமே வீட்டார் எண்ணுகின்றனர். லாரி நீருக்குக் கொடுத்த பணம் மண்ணில் போகிறதே என்பது அவர்கள் கவலை. அக்கவலை நியாயமானதே. ஆனால், நீர் வெளியே போகும் வழியாகவே வெளியிலிருந்து நீர் உள்ளேயும் வரக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது என்பதை நாம் அறிவோம். ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பம் சுமார் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தத்தைச் செலுத்துகிறது. பிளவின் இருபுறமும் அழுத்தம் வேறுபட்டால், அழுத்தம் மிக்க பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் பாயும். ஓர் உதாரணம் காண்போம். தொட்டியின் அடித்தளத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு பிளவு உள்ளது எனக் கொள்வோம். தொட்டியில் 1.5 மீட்டர் நீர் நிறைந்திருக்கும்போது, பிளவுக்கு மேல் ஒரு மீட்டர் நீர் நிற்கிறது. வெளி மண் உலர்ந்திருந்தால் நீர் வெளியே கசியும். மறுநாள் பம்பு ஓடி, உள்நீர் 0.3 மீட்டராகத் தாழ்கிறது. அன்று பெய்த மழையால் வெளி மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. இப்போது பிளவின் வெளிப்புறத்தில் அரை மீட்டர் நீரழுத்தம் உள்ளது. உட்புறத்திலோ நீர் பிளவை எட்டவேயில்லை. வெளிநீர் உள்ளே வருவதைத் தடுப்பார் யாருமிலர்.

நீர் வெளியேறுவதை வீட்டார் செலவினால் உணர்வர். நீர் உட்புகுவதையோ அவர்கள் உணர்வதில்லை. தொட்டியில் நீர் சற்று மிகுதியாக இருப்பதைக் கண்டு எவரும் கவலைப்படுவதுமில்லை. உறிஞ்சுகுழி அருகில் இருந்தால், அவ்வாறு உட்புகும் நீர் மலக்கழிவு கலந்த நீராகும். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் பரவுவதற்கு இவ்வழியே போதும். தெருக்குழாயில் நீர் நின்றபின் அழுத்தம் குறைந்து, சாக்கடை நீர் குழாயின் விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படுவதும் இதே விதியின்படியாகும்.

லண்டனில் தோண்டிப் பார்த்த ஒரு வீடு

இத்தகைய மறைந்த குறை எத்துணைப் பெருந்தீங்கு விளைக்கும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், லண்டன் மாநகரின் பிராடு தெருவில் காலரா தோன்றியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் அங்கிருந்த பொதுக் கிணற்று நீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக, செப்டம்பர் 8-ஆம் நாள் கிணற்றுப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. இவ்வளவும் பலரும் அறிந்ததே.

கிணற்று நீர் எவ்வாறு கெட்டது என்பது அடுத்த ஆண்டில்தான் தெளிவாயிற்று. ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார் வீடு வீடாக விசாரித்தார். கிணற்றை ஒட்டிய 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கினால் இறந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர், அவ்வீட்டின் கழிவுக்குழியில் கொட்டப்பட்டதை அவர் அறிந்தார். 1855-இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கழிவுக்குழியின் செங்கற்கள் சிதைந்திருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடித் தொலைவுகூட இல்லை. இடைப்பட்ட மண் கழிவால் ஊறிக் கிடந்தது. அவ்வீட்டில் குடியிருந்தோரும் அக்கிணற்றில் நீர் மொண்டோரும் இதனைக் கனவிலும் அறியார். சிதைந்த சில செங்கற்களே அப்பேரழிவின் தொடக்கமாயின.

முப்பதுக்கு நாற்பது மனை

இனி நம் வீட்டு மனைக்கு வருவோம். உறிஞ்சுகுழி முதலிய கழிவுநீர் பரப்பும் அமைப்புகள், கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி அமைதல் வேண்டும் என்று ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தர விதிமுறை கூறுகிறது. பெங்களூர்ப் பகுதியில் பெரிதும் வழக்கிலுள்ள மனை, 30 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்டது. செங்கோண முக்கோண விதிப்படி அதன் மூலைவிட்டம் 50 அடி, அதாவது சுமார் 15.2 மீட்டர். மனையின் ஒரு மூலையில் குழியையும் எதிர்மூலையில் தொட்டியையும் அமைத்தாலும், 18 மீட்டர் இடைவெளி கிட்டாது என்பது இதனால் விளங்கும். ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக்கொண்டே போடச் செய்யலாம்.

நம் மனையின் குழியை மட்டும் கருதுவதும் போதாது. சுற்றுச்சுவர் தரைக்கு மேலேதான் எல்லை. மண்ணுக்குள் ஊறும் நீர் அவ்வெல்லையை அறியாது. அண்டை வீட்டாரின் உறிஞ்சுகுழி நம் தொட்டிக்கு இரண்டு மீட்டர் தொலைவிலேயே இருக்கலாம். எனவே, களப்பணியாளர் ஒரு வீட்டைப் பார்வையிடும்போது, அக்கம்பக்கத்து வீடுகளின் குழிகளையும் சேர்த்து ஒரு வரைபடம் வரைந்துகொள்வது நலம். பாதாளச் சாக்கடை வந்தபின் மண்ணிட்டு மூடிய பழைய குழிகளையும், சாக்கடைக் குழாய் செல்லும் வழியையும் அதில் குறித்தல் வேண்டும்.

இத்தகைய நெருக்கமான மனைகளில் தொலைவு பாதுகாப்பளிப்பதில்லை. தொட்டியின் சுவர் ஒன்றே பாதுகாப்பு. ஆகையால் அச்சுவரின் நிலையை ஆண்டுதோறும் சோதிப்பது அவசியமாகிறது.

கண்டறியும் முறைகள்

சோதனையைத் தொடங்குமுன் தொட்டியின் மூடியைப் பார்த்தல் வேண்டும். மூடி தரைமட்டத்தில் இருந்தால், வாசல் கழுவும் நீரும் மழைநீரும் அதன் விளிம்பு வழியே உட்புகும். வாயைச் சுற்றித் தரையிலிருந்து சில அங்குல உயரத்துக்கு விளிம்பு கட்டி, இறுகப் பொருந்தும் மூடி இட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். மூடி செம்மையாக இருந்தும் ஐயம் நீடித்தால், பின்வரும் நான்கு சோதனைகளைச் செய்யலாம். இவை எவற்றுக்கும் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை.

ஒன்று, நீர்மட்டச் சோதனை. இரவில் தொட்டியை நிரப்பி, நீர் வரும் குழாயை அடைத்து, பம்பையும் நிறுத்திவிடுக. உலர்ந்த மூங்கிற் கோலை நேராக அடித்தளம்வரை இறக்கி, நனைந்த உயரத்தை அளந்து குறித்துக்கொள்க. காலையில் மீண்டும் அளக்க. மூடிய தொட்டியில் ஓர் இரவில் ஆவியாகும் நீர் மிகச் சொற்பமே. ஆதலால் மட்டம் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருந்தால், அது கசிவே.

மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியின் பரப்பு ஆறு சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 60 லிட்டர். பத்து மணி நேரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்தால், இழப்பு 150 லிட்டர். இவ்வேகம் நீடித்தால் நாளொன்றுக்கு 360 லிட்டரும், முப்பது நாட்களில் 10,800 லிட்டரும் மண்ணில் போகும். 12,000 லிட்டர் கொள்ளும் பெரிய லாரி ஒன்றின் நீரில் பெரும்பகுதி இது.

பிளவு எவ்வுயரத்தில் உள்ளது என்பதையும் இச்சோதனையே காட்டும். நீரை எடுக்காமல் சில நாட்கள் விட்டுவைத்து, காலையும் மாலையும் அளந்துவருக. மட்டம் படிப்படியாகத் தாழ்ந்து, ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். அது நிற்கும் உயரமே பிளவின் உயரம். நில்லாமல் முற்றும் வடிந்தால், பிளவு தளத்திலோ தளமும் சுவரும் கூடும் மூலையிலோ உள்ளது எனக் கொள்ளலாம்.

இரண்டு, உட்கசிவுச் சோதனை. பெங்களூர்ப் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அக்காலத்தில் தொட்டி நீரைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சிறிதளவே எஞ்சியிருக்கும் நிலையில் மட்டத்தைக் குறித்து, குழாயை அடைத்து ஓர் இரவு விடுக. காலையில் மட்டம் உயர்ந்திருந்தால், வெளிநீர் உட்புகுகிறது என்பது உறுதி. மேலிருந்து கைவிளக்கொளியைச் சுவர்களில் பாய்ச்சினால், நீர் வழிந்த ஈரத்தடமும் செம்மண் கறையும் தென்படலாம். முன்னர்க் கூறிய மேலுந்துதலைக் கருதி, சோதனை முடிந்தவுடன் தொட்டியை நிரப்பிவிடுதல் நலம்.

மூன்று, ஒப்பீட்டுச் சோதனை. தொட்டிக்குள் வரும் நீரை ஒரு குப்பியிலும், தொட்டியில் சில நாள் நின்ற நீரை மற்றொரு குப்பியிலும் எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் சோதிக்க. கரைந்துள்ள உப்புகளின் அளவு, குளோரைடு, நைட்ரேட் ஆகிய மூன்றும் போதும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது ஐ.எஸ். 10500 விதிமுறை. ஆனால், இங்கு நாம் நோக்கவேண்டுவது இரு குப்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே. வரும் நீரில் குறைந்தும் தொட்டி நீரில் மிகுந்தும் காணப்பட்டால், இடையில் வேற்றுநீர் கலந்துள்ளது என ஐயுறுதல் வேண்டும். லாரி நீரும் குழாய் நீரும் ஒரே தொட்டியில் சேரும் வீடுகளில் இவ்வேறுபாடு இயல்பாகவே தோன்றலாம். ஆதலின், ஒரே வகை நீர் நிரப்பிய நாட்களில் இதனைச் செய்க.

நான்கு, கருமைச் சோதனை. மலக்கலப்பை அறிவதற்கு எளிய கள முறையொன்றை மாஞ்சா, மௌரியா, ராவ் என்னும் மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்டனர். இரசாயனப் பொருள் தோய்ந்த காகிதம் இடப்பட்ட, கிருமி நீக்கிய சிறு குப்பியில் குறியீடு வரை நீரை நிரப்பி, 30 முதல் 37 டிகிரி வரையுள்ள வெப்பநிலையில் ஓரிரு நாட்கள் வைத்தல் வேண்டும். மலத்தோடு தொடர்புடைய நுண்கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது காகிதத்திலுள்ள இரும்புச் சத்துடன் கூடிக் கருநிறப் பொருளாகிறது. குப்பி கறுத்தால், அந்நீரைப் பருகுவதை நிறுத்தி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புக. கறுக்காவிடினும் நீர் முற்றும் தூயது என்று துணிதல் கூடாது. ஒரு நாள் தூயதாயிருக்கும் நீர், மழை பெய்த மறுநாள் கெட்டிருக்கலாம். எனவே மழைக்குப் பின்னர் மீண்டும் சோதிப்பதே முறை.

தொட்டிக்குள் இறங்கலாகாது

பிளவு உள்ளது என்று தெரிந்தவுடன், வீட்டார் செய்யும் முதற்காரியம் ஏணியை வைத்துத் தொட்டிக்குள் இறங்குவதாகும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. களப்பணியாளர் இதனை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துரைத்தல் வேண்டும்.

சாதாரணக் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் பிராணவாயு உள்ளது. மூடிக் கிடந்த தொட்டியின் அடியில் தங்கிய சேறும் அழுகிய பொருள்களும் அதனை உட்கொண்டுவிடுகின்றன. பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் குறைந்த இடம் ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் வெளிப்படலாம். அழுகிய முட்டை நாற்றத்தால் அதனை அறியலாம் எனினும், அளவு மிகும்போது அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் நேரமே பேராபத்தான நேரம். உள்ளே பூசும் சில நீர்க்காப்புப் பூச்சுகளின் ஆவியும், வாயருகே வைத்து ஓட்டும் எண்ணெய் எஞ்சினின் புகையும் இவ்வாறே உயிரைப் போக்கவல்லவை.

விளக்கை இறக்கிப் பார்த்துக் கிணற்றில் இறங்குவது நம் நாட்டுப் பழைய வழக்கம். பிராணவாயு சுமார் 16 சதவீதமாகக் குறையும்போதுதான் சுடர் அணைகிறது; அதற்கு முன்னரே மனிதன் தளர்ந்துவிடுவான். மேலும், நச்சுவாயு இருப்பதைச் சுடர் காட்டாது. எரியும் வாயு இருந்தால் வெடிக்கவும் கூடும். ஆகவே இம்முறையை நம்பலாகாது.

தொட்டியைத் துப்புரவு செய்யவும் செப்பனிடவும் பயிற்சி பெற்றவர்களையே அமர்த்துதல் வேண்டும். பம்பின் மின்னிணைப்பை முற்றும் துண்டித்து, மூடியைத் திறந்து விசிறியால் நெடுநேரம் காற்றைச் செலுத்தி, வாயு அளக்கும் கருவியால் சோதித்த பின்னரே, இடுப்பில் கயிறு பிணைத்த ஒருவர் இறங்கலாம். வெளியே ஒருவர் இடைவிடாது கவனித்திருத்தல் வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால், அவரைக் காப்பாற்ற மற்றொருவர் பின்தொடர்ந்து இறங்குவதே பெருந்தவறு. ஒரு சாவு இரண்டாகவும் மூன்றாகவும் ஆவது இவ்வாறே. கயிற்றால் மேலே இழுப்பதும், 112 என்னும் எண்ணில் உதவி கோருவதுமே செய்யத்தக்கவை. மலக்கழிவுத் தொட்டியைப் பொறுத்தமட்டில், உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவ்வேலை இயந்திரத்துக்கு உரியது.

செப்பனிடுதலும் கிருமி நீக்கமும்

சிறு பிளவுகளை உளியால் சற்று அகலமாக்கி, சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைத்து, குடிநீருக்கு ஏற்றதென்று சான்று பெற்ற நீர்க்காப்புப் பூச்சை உட்புறம் முழுவதும் பூசலாம். மூலைகளைச் செங்கோணமாக விடாமல், கலவையால் வளைவாக்குதல் நன்று. பூச்சு நன்கு உலர்ந்தபின், முதலில் நிரப்பிய நீரைப் பருகாமல் வெளியேற்றி, மீண்டும் நீர்மட்டச் சோதனை செய்க. பிளவு பெரிதாயின், தொட்டியைக் கைவிட்டுத் தரைக்கு மேல் புதிய தொட்டி அமைப்பதே பல இடங்களில் சிக்கனமான வழியாகும்.

தொட்டி செம்மையான பின்னர், பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூளால் கிருமி நீக்கம் செய்யலாம். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு நல்ல தூள் இரண்டரை கிராம் என்பது பொதுவான அளவு. 9,000 லிட்டர்த் தொட்டிக்கு 22.5 கிராம் ஆகும். தூளை வாளியில் குழைத்துக் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுக. பழைய தூள் வலுவிழந்திருக்கும். ஆதலால், அரைமணி நேரம் கழித்து, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் உள்ளதா என்று சோதித்தல் அவசியம்.

பிளவை அடைக்காமல் குளோரினை மட்டும் மிகுதியாக இடுவது போதாதா எனச் சிலர் வினவுவர். 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில் நேர்ந்ததை இதற்கு விடையாகக் கூறலாம். யமுனை நீரெடுக்கும் இடத்தில் நகரின் கழிவுநீர் கலந்தது. குளோரின் கூடுதலாக இடப்பட்டது. டைபாய்டு முதலியவை பெருகவில்லை. ஆயினும் சுமார் 29,300 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். கருவுற்ற பெண்கள் பெரிதும் துன்புற்றனர். அது இன்று ஈ வகைக் கல்லீரல் அழற்சி எனப்படும் வைரஸ் நோய் என்பது, சேமித்து வைத்திருந்த இரத்தநீரைப் பிற்காலத்தில் சோதித்தபோது தெரியவந்தது. கழிவு புகும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு மருந்தை நம்புதல் தகாது என்பதே இதன் படிப்பினை. நைட்ரேட்டைக் குளோரினும் போக்காது. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஒளிபுகும் பிளாஸ்டிக் குப்பி ஒன்றின் மேற்பகுதியை வெட்டிவிடுக. அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஊசியால் துளையிடுக. ஆழமான பாத்திரத்தில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீலமையிட்ட நீரை ஊற்றி, குப்பியை அதில் நிறுத்தி, பதினைந்து சென்டிமீட்டர்வரை தெளிந்த நீரால் நிரப்புக. தெளிந்த நீர் துளை வழியே வெளியே செல்லும். இப்போது குப்பியின் நீரை இரண்டு சென்டிமீட்டராகும்வரை விரைவில் முகந்தெடுக்க. நீலநீர் அதே துளை வழியே உள்ளே பீறிடுவதை மாணவர் காண்பர். முகக்கும்போது கையை எடுத்துவிட்டால், குப்பி மிதந்து சாயும். வெறுந்தொட்டியை மண்ணின் நீர் உந்துவதும் இவ்வாறே என்று அப்போது விளக்குக.

ஒரு வீட்டின் சுவரும் கூரையும் நாள்தோறும் நம் பார்வையில் உள்ளன. அவற்றின் குறையை நாம் விரைவில் அறிகிறோம். தொட்டியோ நாம் நடக்கும் தரையின் கீழே இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும், ஒரு மூங்கிற் கோலைக்கொண்டு அதனை அளந்து பார்க்கும் பழக்கத்தை வீடுதோறும் உண்டாக்கினால், பல குடும்பங்கள் நோயிலிருந்து தப்பும். இப்பழக்கத்தைப் பரப்புவதற்குக் களப்பணியாளரினும் ஆசிரியரினும் தக்கார் வேறு இலர்.

பயிற்சி வினாக்கள்

1. தொட்டியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர். பன்னிரண்டு மணி நேரத்தில் நீர்மட்டம் 3 சென்டிமீட்டர் தாழ்ந்தது. முப்பது நாட்களில் ஏற்படும் இழப்பு எத்தனை லிட்டர்?

2. நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே வந்து, அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. இதனால் நீவிர் அறிவது யாது?

3. கோடையில் வெளியே ஒழுகும் தொட்டி, மழைக்காலத்தில் ஒழுகவில்லை என்று வீட்டார் மகிழ்கின்றனர். அவர்களுக்கு நீவிர் என்ன கூறுவீர்?

4. உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நீர்த்தொட்டிகளையும் உறிஞ்சுகுழிகளையும் குறித்து ஒரு வரைபடம் வரைந்து, அவற்றிடையேயுள்ள தொலைவுகளை அளந்து எழுதுக.